வி.ஆர்.எஸ். வாங்கிய ஆவாரம்பூ!

ஒரு பில்லில் ஆரம்பித்தது இந்த விவகாரம்.

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் எனக்கு அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் உத்தியோகம். வீடு சோளிங்கரில். காலையில் பஸ்ஸில் தொங்கிக் கொண்டு போய், சாயந்திரம் பஸ்ஸில் தூங்கிக் கொண்டு திரும்புகிற ரகம். போன வருஷம் ஆபீஸ் முகப்பை அழகுபடுத்த வேண்டும் என்று மேலிடத்துக்குத் திடீரென்று தோன்றியது. தோட்டம் போடுகிற கான்ட்ராக்டர் ஒருத்தர் வந்தார். புல் விரித்தார், கூழாங்கல் கொட்டினார், தொட்டி தொட்டியாகச் செடி இறக்கினார். கடைசியாக பில் என் மேஜையில் இறங்கியது.

அதில் நாலாவது ஐட்டம் இது: 'சென்னா ஆரிகுலேட்டா, அலங்காரப் பூச்செடி, 40 எண்ணிக்கை, ஒன்று ரூ.180.'

பக்கத்து ஸீட் நண்பர் எட்டிப் பார்த்தார். "சென்னாவா? பட்டூராவுக்குத் தொட்டுக்குவோமே, அதுவா சார்?"

சரக்கைப் பார்க்காமல் பில் பாஸ் பண்ணுகிற வழக்கம் எங்கள் செக்‌ஷனில் கிடையாது. கீழே இறங்கிப் போனேன். வரிசையாக நாற்பது தொட்டி. அத்தனையிலும் பளீர் மஞ்சளில் கொத்துக் கொத்தாகப் பூ. சாட்சாத் நம்ம ஆவாரம்பூ!

கேட்டில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் பெரியவர் விஷயத்தைக் கேட்டதும் சிரித்த சிரிப்பில் விசில் கீழே விழுந்தது. முப்பது வருஷம் டேனரியில் உழைத்து ஓய்ந்தவர் அவர்.

"இன்னா தம்பி, நூத்தியெம்பதா? ஆவாரஞ்செடிக்கா? எங்க காலத்துல வண்டி வண்டியா இதும் பட்டையைக் கொணாந்து டேனரி வாசல்ல கொட்டுவாங்க. ஜில்லாவே இந்தப் பட்டையிலதான் சோறு துன்னுச்சு. இப்ப இன்னாடான்னா தொட்டியில வச்சி, ரப்பர் டியூப்ல தண்ணி ஊத்தறாங்க!"

எனக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பாருங்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஒரு தொழிலையே முதுகில் சுமந்த ஒரு சீனியர் ஸ்டாஃப். ஒருநாள் 'இனிமேல் நீங்க வேண்டாம்' என்று அனுப்பி விட்டார்கள். இப்போது அதே ஆளை வேறு பெயரில் கூப்பிட்டு ரிசப்ஷனில் உட்கார வைத்திருக்கிறார்கள்! இந்தக் கதையை உங்களுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது?

பயோ-டேட்டா ப்ளீஸ்!

பெயர்: ஆவாரை. செல்லப் பெயர்: ஆவாரம். சங்க காலத்துப் பெயர்: ஆவிரை. குடும்பம்: அவரை, துவரை, புளி எல்லாம் இருக்கிற பெரிய கூட்டுக் குடும்பம். உயரம்: ஆள் உயரம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். முகவரி: வேறு எதுவும் முளைக்க யோசிக்கிற வறண்ட காடு, மேடு, ரயில் தண்டவாள ஓரம். எங்கள் சோளிங்கர் மலையடிவாரமும்தான்.

பூவில் ஐந்து இதழ்கள். நடுவில் பத்து மகரந்தக் கம்பிகள். அதில் மேலே உள்ள மூன்று சும்மா பேருக்கு, மகரந்தம் கிடையாது. (எந்த ஆபீஸில்தான் பத்துக்கு மூன்று பேர் அப்படி இல்லை?) இந்தப் பூவில் தேனும் கிடையாது. மகரந்தப் பையின் நுனியில் சின்ன ஓட்டை மட்டும்தான். வண்டு வந்து பூவைக் கட்டிப் பிடித்துக் கொண்டு 'ங்ங்ங்' என்று உடம்பையே அதிர வைத்தால்தான் மகரந்தம் கொட்டும். கேட்டால் கொடுக்காது, உலுக்கினால்தான் கொடுக்கும். நம்ம கேஷியர் ஞாபகம் வருகிறதா?

இலைக் காம்பு தண்டோடு சேருகிற இடத்தில் வட்டமாக, மடல் மாதிரி ஒரு ஜோடி சிற்றிலை இருக்கும். குழந்தையின் காது போலவே. அதைப் பார்த்துத்தான் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1753-ல் இதற்கு 'கேசியா ஆரிகுலேட்டா' என்று பெயர் வைத்தார். ஆரிகுலேட்டா என்றால் லத்தீனில் 'காது உள்ளது' என்று அர்த்தம். நம்ம ஊர்க்காரர்கள் பூவைப் பார்த்தார்கள், அவர் காதைப் பார்த்தார். அவரவர் பார்வை!

பேர் மாறினால் சம்பளம் ஏறுமா?

'கேசியா' எப்படி 'சென்னா' ஆயிற்று? அதுவும் ஆபீஸ் கதைதான்.

கேசியா என்ற ஒரே டிபார்ட்மெண்ட்டில் ஏகப்பட்ட செடிகளைப் போட்டு அடைத்து வைத்திருந்தார்கள். சரக்கொன்றை, ஆவாரை, தகரை, சீமை அகத்தி என்று எல்லாம் ஒரே ரூமில். ராக்ஸ்பர்க் என்ற ஸ்காட்லாந்து டாக்டர், நம் சென்னை ராஜதானியிலும் அப்புறம் கல்கத்தா தாவரத் தோட்டத்திலும் வேலை பார்த்தவர், அந்தக் காலத்திலேயே ஆவாரையைச் 'சென்னா' என்று தனியாக எழுதி வைத்தார். யாரும் பெரிதாகக் கண்டு கொள்ளவில்லை. 1982-ல் இர்வின், பார்னிபி என்ற இரண்டு அமெரிக்க நிபுணர்கள் உட்கார்ந்து, மகரந்தக் கம்பி முதல் காய் வரை ஃபைலைப் புரட்டி, கேசியாவை மூன்று டிபார்ட்மெண்ட்டாகப் பிரித்தார்கள். சரக்கொன்றை கேசியாவிலேயே இருந்து விட்டது. ஆவாரைக்கு சென்னாவுக்கு டிரான்ஸ்ஃபர்!

டெஸிக்னேஷன் மாறியதே தவிர இன்க்ரிமென்ட் ஒன்றும் கிடைக்கவில்லை. அதே வெயில், அதே பொட்டல்.

பழைய கடைப்பலகை மாதிரி, பழைய புத்தகங்களில் இன்னும் 'கேசியா' என்றே இருக்கும். நர்சரிக்காரர் கேசியா என்றாலும் சென்னா என்றாலும் ஆளைக் காட்டச் சொல்லுங்கள். இலையடியில் காது இருந்தால் ஆவாரை.

சென்னா என்ற பெயரில் ஒரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் போய் 'சென்னா இலைப் பொடி' என்று கேட்டால் கொடுப்பது ஆவாரை இல்லை. நிலாவாரை! தென் மாவட்டங்களில் விளைந்து தூத்துக்குடி வழியாக உலகம் பூராவும் கப்பல் ஏறுகிற சரக்கு. மேல்நாட்டு மருந்துப் புத்தகங்களில் 'தின்னவேலி சென்னா' என்றே திருநெல்வேலிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. வேலை என்ன தெரியுமோ? மலச்சிக்கலை உடைப்பது!

என் நண்பர் ஒருத்தர், 'ஆவாரம்பூ டீ உடம்புக்கு நல்லது, அதுக்கு இங்கிலீஷ்ல சென்னா' என்று எங்கேயோ கேட்டு, சென்னா டீ பாக்கெட் வாங்கி, இரண்டு கப் போட்டுக் குடித்து விட்டு ஆபீஸ் வந்தார். அன்றைக்கு ஆடிட். மீதியை நான் எழுதினால் எடிட்டர் வெட்டி விடுவார். ஆகவே, கடையில் தமிழிலேயே கேளுங்கள். ஆவாரை வேறு, நிலாவாரை வேறு.

எல்லை தாண்டினால் தங்கேடு

எங்கள் சோளிங்கர் ஆந்திரா எல்லையை ஒட்டின ஊர். தமிழில் திட்டு வாங்கி தெலுங்கில் சமாதானம் ஆகிற தெருக்கள் இங்கே நிறைய. எங்கள் தெருவில் ஒரே செடிக்கு இந்த வாசலில் ஆவாரம், அந்த வாசலில் தங்கேடு. அந்தத் தங்கேடுதான் தெலங்கானாவின் மாநில மலர். 2014-ல் மாநிலம் பிறந்த வருஷமே அந்தப் பதவி கிடைத்தது. அங்கே பதுகம்மா பண்டிகைக்குப் பெண்கள் அடுக்குகிற பூக்கோபுரத்தில் தங்கேடுக்கு முதல் மரியாதை. நம்ம பக்கம் செங்காந்தளுக்கு அந்தப் பதவி போய்விட்டதால் ஆவாரை வாய் திறக்கவில்லை. ஆனால், கொங்கு நாட்டில் போகிக்குக் காப்புக் கட்டுகிறபோது வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரம்பூ கட்டாயம் ஆஜர். கன்னடத்தில் தங்கடி, ஆவரிகெ. மராட்டியில் தர்வட். இலங்கையில் சிங்களத்தில் ரணவரா. காய்ந்த பூவைப் போட்டு டீ மாதிரி குடிக்கிறார்கள்.

பெயரைப் பற்றிப் பேச எங்கள் ஊருக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. ஆழ்வார்கள் பாடியபோது இது 'கடிகை'. ஒரு கடிகை நேரம், அதாவது 24 நிமிஷம், இந்த மலையில் இருந்தாலே மோட்சம் என்று ஐதீகம். (ஒரு மணி நேர பர்மிஷனில் இரண்டு மோட்சம் வாங்கி விட்டு வந்து விடலாம்!) அப்புறம் சோழசிங்கபுரம். அது தேய்ந்து சோளிங்கர். 1781-ல் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் இங்கே மோதிக் கொண்டபோது வெள்ளைக்காரன் வாயில் அது இன்னும் கொஞ்சம் நசுங்கியது. இதில் சோளிங்கர் ஸ்டேஷனில் இறங்கினால் சோளிங்கர் வராது. ஸ்டேஷன் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம். 2019 நவம்பர் வரை வேலூர் மாவட்டம், அப்புறம் ராணிப்பேட்டை மாவட்டம். பெயரும் முகவரியும் மாறிக்கொண்டே இருந்தாலும், நரசிம்மர் மட்டும் 1305 படிக்கு மேலே அதே இடத்தில் யோகத்தில் இருக்கிறார்.

சர்வீஸ் ரிக்கார்டு

இங்கிலீஷில் ஆவாரைக்கு 'டேனர்ஸ் கேசியா' என்று பெயர். தோல் பதனிடுகிறவனின் கொன்றை என்று வைத்துக் கொள்ளலாம். செடிக்குத் தொழிலை வைத்துப் பட்டம் கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள்.

காரணம் பட்டையில் இருக்கிறது. ஆவாரம் பட்டையில் சுமார் 15 முதல் 20 சதவீதம் வரை 'டேனின்' என்கிற துவர்ப்புப் பொருள் உண்டு. ஒரு துண்டு மென்று பாருங்கள், நாக்கு ஒட்டிக் கொள்ளும். நாக்கை என்ன செய்கிறதோ அதையேதான் தோலையும் செய்கிறது. பச்சைத் தோலின் இழைகளைப் பிடித்து இறுக்கி, அழுகாமல் கட்டிப் போடுகிறது. அப்படிக் கட்டிப் போட்டால் அது தோல். கட்டாவிட்டால் நாலு நாளில் நாற்றம்.

வாட்ச்மேன் பெரியவர் செய்முறையையே சொன்னார். "மொதல்ல சுண்ணாம்புக் குழி. முடியெல்லாம் போயிடும். சதை செதுக்கி, அலசி, பட்டைத் தண்ணி குழியில போடணும். தெனம் எடுத்து எடுத்து மாத்தணும். ஒருநாள் வேலையா அது? வாரக்கணக்கு! அப்பால கடுக்காத் தண்ணி. அது போடலைன்னா தோலு வெய்யில்ல செவந்து பூடும்."

அந்தக் கடுக்காய் விஷயம் சும்மா இல்லை. ஆவாரம் பட்டையில் பதப்பட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவக்கும் குணம் உள்ளது. கடைசியில் கடுக்காய்க் குளியல் கொடுத்தால் அந்தக் கோபம் அடங்கும். இதைத் தெரிந்து கொண்டவர்கள் தயாரித்த வெளிர் நிறத் தோலுக்கு லண்டன் மார்க்கெட்டில் தனிப்பெயர்: 'ஈஸ்ட் இண்டியா டேன்டு'. நம் ஆட்கள் சுருக்கமாக ஈ.ஐ. என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து சென்னை, வட ஆற்காடு, திண்டுக்கல், திருச்சி என்று டேனரிகள் பெருகின. ஆம்பூரும் வாணியம்பாடியும் பேரணாம்பட்டும் ராணிப்பேட்டையும் தோல் ஊர்கள் ஆயின. பாலாற்றுத் தண்ணீர், ஊர் ஊராகக் கிடைத்த தோல், பொட்டலில் தானாக முளைத்த ஆவாரை மூன்றும் கூடி வந்த அதிர்ஷ்டம். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் போட்ட பூட்ஸின் மேல்தோலுக்கு இந்த ஈ.ஐ. சரக்கை சர்க்காரே மொத்தமாக வளைத்து வாங்கியது. யோசித்துப் பாருங்கள்... பிரான்ஸ் நாட்டுச் சகதியில் நடந்த பூட்ஸுக்குள் நம்ம பொட்டல் காட்டு ஆவாரை!

இந்தக் கணக்கில் காட்டில் பட்டை உரித்த கூலிக்காரர்களும் உண்டு. கிளையை வெட்டி, தட்டி, உரித்து, காய வைத்து, கட்டாகக் கட்டித் தலைச்சுமையாகவும் வண்டியிலும் கொண்டு வந்தவர்கள். மழை பொய்த்து வயலில் வேலை இல்லாத மாசங்களில் அடுப்பு எரிந்தது ஆவாரையால்தான் என்கிறார் பெரியவர். அவருடைய அம்மா பட்டை உரித்தவர். "எங்கம்மா கை எப்பவும் கருப்பாத்தான் இருக்கும் தம்பி. சோப்பு போட்டாலும் போவாது. அந்தக் கையிலதான் சோறு பெசஞ்சி ஊட்டும்."

நீல நிற ஆர்டர்

வினை வெளிநாட்டிலிருந்து வந்தது. 1884-ல் அமெரிக்காவில் ஷுல்ட்ஸ் என்பவர் குரோமியம் உப்பை வைத்துத் தோல் பதனிடுகிற முறைக்கு பேடன்ட் வாங்கினார். பட்டைக்கு வாரக்கணக்கு, குரோமுக்கு ஒரு நாள் போதும்! தோலும் மிருதுவாக, சூடு தாங்குவதாக, சாயம் பிடிப்பதாக இருந்தது. 1900-களின் தொடக்கத்தில் சாட்டர்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி சென்னையில் அதைச் செய்து காட்டினார். கொஞ்ச காலத்தில் பல்லாவரத்துக்குப் பக்கத்தில் குரோம் லெதர் கம்பெனி வந்தது. தினமும் மின்சார ரயிலில் அந்த ஊரைத் தாண்டிப் போகிறீர்களே, குரோம்பேட்டை... அந்த குரோம்தான்! தாம்பரத்துக்காரர்களே, நீங்கள் இருபது வருஷமாகக் கடந்து போவது ஒரு ரசாயன உப்பின் பெயரை.

இருந்தாலும் ஆவாரை உடனே ஸீட்டை விட்டு எழுந்து விடவில்லை. பட்டை முறை இன்னும் பல பத்தாண்டு ஓடியது. நடுவில் தென்னாப்பிரிக்காவிலிருந்து 'வாட்டில்' என்கிற சீமை வேலம்பட்டை வந்து பாதி ஸீட்டைப் பிடித்தது. துவர்ப்பு அதில் அதிகம், வேலையும் சீக்கிரம். பிறகு 1973-ல் மத்திய சர்க்கார் கொள்கையை மாற்றியது. பாதி பதனிட்ட தோலை மூட்டை கட்டி அனுப்பாதே, முழுசாக முடித்த தோலாகவும் ஷூவாகவும் அனுப்பு என்று. நாட்டுக்கு நல்லதுதான், ஆம்பூரில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஷூ தைக்கும் வேலைக்குப் போனது அதனால்தான். ஆனால், ஷூ கம்பெனிக்காரர்கள் கேட்டது குரோம் தோல். ட்ரம்மில் சுழன்று ஈரத்தோடு நீல நிறத்தில் வெளியே வரும் 'வெட் ப்ளூ'. ஆவாரையின் டிஸ்மிஸ் ஆர்டர் நீல நிறத்தில் வந்தது.

"பட்டைக் குழியெல்லாம் மண்ணு போட்டு மூடிட்டாங்க. எங்கள்ல பாதிப் பேரை ட்ரம்முக்கு மாத்தினாங்க. மீதிப் பேரு ஊரைப் பார்க்கப் போயிட்டாங்க" என்றார் பெரியவர். பட்டை உரித்தவர்களுக்கு யார் நோட்டீஸ் கொடுத்தார்கள்? ஒரு வருஷம் வண்டி வரவில்லை. அவ்வளவுதான்.

பாலாறு சொன்ன சாட்சி

அதற்கப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். டேனரிகளின் கழிவுநீர் பாலாற்றுப் பக்கம் ஓடியது. கிணறு உப்பானது, தென்னை குரும்பை உதிர்த்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குப் போட, 1996 ஆகஸ்ட் 28-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டேனரி வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுசாகவோ கெட்டுவிட்டதாகத் தீர்ப்பிலேயே பதிவாகி இருக்கிறது. 'கெடுத்தவனே காசு கொடுக்க வேண்டும்' என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தில் அழுத்தமாகப் பதிய வைத்த தீர்ப்பு அது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் அதை நெட்டுருப் போடுகிறார்கள். ராணிப்பேட்டையில் ஒரு குரோமேட் ரசாயனத் தொழிற்சாலை 1990-களில் மூடிய பிறகும், அது விட்டுப்போன கழிவு மலை பல்லாண்டு அங்கேயே கிடந்தது. 2015 ஜனவரி 31 அன்று அதே ஊரில் ஒரு கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக் கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் பாலாற்றைப் பற்றி மறுபடியும் பேச வேண்டி வந்தது.

ஆவாரை இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காதா என்று கேட்காதீர்கள். பட்டைத் தண்ணீர் ஒன்றும் பன்னீர் இல்லை. சுண்ணாம்பும் உப்பும் அதிலும் உண்டு. அந்தக் கருப்புத் தண்ணீரை அப்படியே விட்டால் ஆறு அதற்கும் மூச்சுத் திணறும். இன்றைக்கு உலகம் போடுகிற ஷூ அத்தனைக்கும் பட்டை உரிப்பதென்றால் ஒரு காட்டில் ஒரு செடி மிஞ்சாது. கழிவை ஒழுங்காகச் சுத்தம் செய்தானா இல்லையா என்பதுதான் கேள்வி. பட்டையா குரோமா என்பது இரண்டாம் பட்சம். இதைச் சொல்கிற நானும் தோல் கம்பெனிச் சம்பளத்தில் சாப்பிடுகிறவன்தான். கணக்கில் எதையும் மறைக்கக் கூடாது, இல்லையா?

சாவாரைக் கண்டதுண்டோ?

வேலை போன ஆவாரை சும்மா இருக்கவில்லை. ரிடையர் ஆனவர்கள் கன்ஸல்டன்ட் ஆவது மாதிரி, மருந்துக்கடைக்குப் போய்விட்டது. ஆவாரை பூத்திருக்கிற ஊரில் சாகிறவன் உண்டா என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அதைப் போட்டே பாக்கெட் விற்கிறார்கள். சித்த மருத்துவத்தில் சர்க்கரைக்கு ஆவாரைக் குடிநீர் என்று பழைய கஷாயமே உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சர்க்கரை நோய் வரவழைத்த எலிகளுக்கு ஆவாரம்பூச் சாற்றைக் கொடுத்து, சர்க்கரை குறைந்தது என்று 2002-ல் ஆராய்ச்சிக் கட்டுரையும் வெளியிட்டார்கள். சந்தோஷம். ஆனால் எலிக்கு!

எங்கள் பெரியப்பா எலி இல்லை. பத்து வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டவர். யாரோ பஸ்ஸில் சொன்னதைக் கேட்டு, மாத்திரையைத் தூக்கிப் போட்டு விட்டு மூன்று மாசம் ஆவாரம்பூத் தண்ணீரே கதி என்று இருந்தார். டெஸ்ட் எடுக்கச் சொன்னால், "பழமொழி என்ன பொய்யாடா?" என்பார். செருப்பு கடித்த ஒரு சின்னப் புண். ஆறவே இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது சர்க்கரை ஐந்நூறைத் தொட்டிருந்தது. வலது காலில் இரண்டு விரல் போயிற்று. பெரியம்மா அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆவாரை மேல் தப்பில்லை. மாத்திரையோடு கூட, டாக்டரிடம் சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் குடித்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அந்தச் செடியைக் கேட்டால் அதுவே சொல்லும்: 'நான் பதனிட்டது தோலைத்தான், டாக்டரை அல்ல!'

ஆபீஸ் போகிற இளைஞர்களே, உங்கள் அப்பாவோ மாமாவோ 'இயற்கை வைத்தியம்' என்று மாத்திரை டப்பாவை ஒளித்து வைத்தால், தயவு செய்து கண்டுபிடித்து எடுத்து வந்து கையில் கொடுங்கள்.

காதலில் தோற்றால் கட்ட வேண்டிய மாலை

எங்கள் பெரிய மலைக்கு 2024-ல் ரோப் கார் வந்துவிட்டது. அதற்கு முன்னே எல்லாரும் படிதான். கையில் தேங்காய்ப் பழத்தட்டு, எதிரில் குரங்குப் பட்டாளம், மூச்சு வாங்க உட்கார்ந்தால் பக்கத்துப் பாறை இடுக்கில் மஞ்சளாக ஆவாரை. கூடவே மஞ்சளும் வெள்ளையுமாகப் பட்டாம்பூச்சிகள். ஆவாரை இலையில் முட்டையிட்டு, அதையே தின்று வளர்கிற இனம் அது. இப்போது தொட்டியில் போய்விட்டோமே பார்த்து விட மாட்டோமா என்றால், ரோப் காரில் நாலு நிமிஷத்தில் எல்லாம் கண்ணுக்குக் கீழே ஓடிவிடும். முட்டி வலி இல்லாத இளைஞர்கள் ஒரு தடவையாவது படியில் ஏறிப் பாருங்கள்.

இந்தச் செடி உங்களுக்காக ரொம்ப நாளாகக் காத்திருக்கிறது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கொண்டு போகிற பூக்களின் பட்டியலில் ஆவிரையும் இருக்கிறது. குறுந்தொகை 173-ஆம் பாட்டிலும் இருக்கிறது. அங்கே அதன் வேலை கொஞ்சம் வித்தியாசம். காதலித்த பெண் கிடைக்கவில்லை என்றால் அந்தக் காலத்து இளைஞன் என்ன செய்வான் தெரியுமா? பனை மடலில் குதிரை செய்து, அதற்கு ஆவிரம்பூ மாலை போட்டு, அதன் மேல் ஏறி உட்கார்ந்து, ஊர் நடுவே ஊர்வலம் வருவான். 'இன்ன வீட்டுப் பெண்ணால் எனக்கு இந்தக் கதி' என்று ஊருக்கே தெரியும். மடலேறுதல் என்று பெயர். வெட்கத்தை விட்டவன் கட்டிக் கொள்கிற மாலை ஆவிரை! இன்றைய ஸ்டேட்டஸ் போடுகிறவர்களுக்கு அவன்தான் தாத்தா. 1992-ல் டைரக்டர் பரதன் எடுத்த படத்துக்கு 'ஆவாரம்பூ' என்று பெயர் வைத்தாரே, அதுவும் காதல் கதைதான். பூவின் ராசி!

வீட்டில் வைக்க ஆசையா? நூற்றியெண்பது ரூபாய் வேண்டாம். ரோட்டோரத்தில் காய்ந்து தொங்குகிற தட்டைக் காயை நாலு பறியுங்கள். விதைத் தோல் கெட்டி. கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு ராத்திரி ஊற விடுங்கள். மழை ஆரம்பிக்கும்போது வெயில் விழுகிற இடமாகப் பார்த்து ஊன்றுங்கள். வேர் பிடிக்கிற வரை தண்ணீர் ஊற்றினால் போதும். அப்புறம் நீங்கள் மறந்தாலும் அது மறக்காது. ஆடு மாடு சட்டென்று வாய் வைக்காது. வாசலில் வைக்கும்போது பெயர்ப் பலகை மாட்ட நினைத்தால் மூன்றே எழுத்து போதும்: ஆவிரை. லத்தீன் வேண்டாம், அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றி விடுவார்கள்.

அப்படியே வளர்ந்து பூத்து, அதற்குள் உங்கள் காதலும் கைகூடிவிட்டால், பூவைப் பொங்கலுக்குப் பயன்படுத்திக் கொள்ளலாம்.

கைகூடாவிட்டால்?

பனைமரம் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்து வைத்துக் கொள்ளுங்கள்!